பொங்கி வந்த கல்லூரி

அந்த மாதம் தோவாளைக்கு வந்த கார்களில் பாதிக் கார்கள் பூ வாங்க வரவில்லை. ஆனால் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பூ வாங்க வந்தேன்."

மார்த்தாண்டத்திலிருந்தும் கருங்கலிலிருந்தும் குளச்சலிலிருந்தும் டீசல் எரித்து வந்து ஒரு முழம் பிச்சி வாங்குகிற குடும்பங்கள்! அதுவும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு. பூவுக்கு இத்தனை வெட்கம் எதற்கு?

விஷயம் வேறு. நீட் முடிந்து, கவுன்சலிங் நடந்து, சீட் ஒதுக்கீடு வந்துவிட்ட நேரம். இரண்டு கல்லூரி கிடைத்த வீட்டில் ஒரு கல்லூரி கிடைத்த வீட்டைவிட அதிகக் கவலை. இதுவா, அதுவா? பக்கமா, தூரமா? அரசா, தனியாரா? அப்பா ஒன்று சொல்ல, மாமா ஒன்று சொல்ல, அமெரிக்காவில் இருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா வாட்ஸ்அப்பில் மூன்றாவதாக ஒன்று சொல்ல, வீடு முழுக்க ஒரே இரைச்சல். படிக்கப்போகிற பிள்ளையை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும்? அது வெறுமனே பரீட்சை எழுதிப் பாஸானது, அவ்வளவுதானே.

இந்த இரைச்சலுக்கு மருந்து பூச்சந்தைக்குப் பின்னால் இருந்தது. வியாபாரிகள் காலிக் கூடைகளை அடுக்கி வைக்கிற சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பிளக்ஸ் பலகை.

'மலர்மொழி மண்டபம். மருத்துவக் கல்லூரித் தேர்வுக்குத் தெய்வ வழிகாட்டல். பூவுக்கு மதமில்லை, அனைவரும் வருக!'

அதன் அடியில் சின்ன எழுத்தில்: 'நர்சிங், என்ஜினியரிங் கேள்விகள் ஏற்பதில்லை.'

தெய்வமும் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட்ட காலம்.

உள்ளே வீற்றிருந்தவர் மலர்மொழியார். பெற்றோர் வைத்த பெயர் மகேஷ்குமார். வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குகிற பாணியில் ஒரு பிச்சிச் சரம். எதிரே பெரிய வெண்கல உருளி நிறையத் தண்ணீர். வெதுவெதுப்பாக லேசாக ஆவி பறக்கும். 'மலர்த்தேவியின் மூச்சு' என்பார்.

பூக்கட்டிப் பார்ப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. கல்யாணம் கூடுமா, வீடு வாங்கலாமா என்று வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் மடித்துப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். அதிலாவது பாதிக்குப் பாதி நியாயம் உண்டு. மலர்மொழியார் அதை நவீனமாக்கினார்.

நீங்கள் இரண்டு சீட்டில் இரண்டு கல்லூரியின் பெயரை எழுதித் தரவேண்டும். கவரில் காணிக்கையும் வைக்கவேண்டும். மலர்மொழியாரின் உதவியாளர் ஜின்சி என்ற பெண்மணி, திரைக்குப் பின்னால் ஒவ்வொரு சீட்டையும் வாடாமல்லிப் பூவோடு தாமரை இலையில் பொதிந்து வாழைநாரால் கட்டிக் கொண்டுவருவாள். இரண்டு பொட்டலமும் உருளிக்குள் விழும். இரண்டும் மூழ்கும். மலர்மொழியார் கண்ணை மூடி ஒரு பாட்டு இழுப்பார். எந்த மதத்தாரும் தலையாட்டும்படியான பாட்டு. வார்த்தையே கிடையாது, முழுக்க 'ம்ம்ம்' தான். அப்புறம், அடியில் கிடந்த இரண்டு பொட்டலத்தில் ஒன்று, யாரும் தொடாமல், தானாக, மெல்ல மெல்ல மேலே எழும்பி வரும்!

"பொங்கிட்டு! பொங்கிட்டு!" என்று கூட்டம் அலறும். தாய்மார் கண்ணைத் துடைப்பார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், முப்பது வருடம் அறிவியல் நடத்தியவர், உருளியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவரிடம் படித்தவர்களை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

இரண்டு பொட்டலமும் பொங்காத நாளும் உண்டு. "தேவி ரெண்டையும் ஏற்கல்ல. மூணாவது ஒண்ணு உங்க மனசுல கெடக்கு, அதை எழுதுங்க" என்பார் மலர்மொழியார். எழுதத் தடுமாறினால் ஜின்சி பெயரை எடுத்துக்கொடுப்பாள். மூன்றாவது தவறாமல் பொங்கும்.

கட்டுப்பாடு அதிகமில்லை. உருளித் தண்ணீரை யாரும் தொடக்கூடாது, குடிக்கவே கூடாது. குடித்தால் பிள்ளையின் ராங்க் சரியும். ஊரெல்லாம் கோயிலில் தீர்த்தம் கொடுப்பார்கள், இங்கே மட்டும் தீர்த்தத்துக்குக் காவல். இன்னொன்று, நீட் எழுதிய பிள்ளை உள்ளே வரக்கூடாது. பிள்ளையின் ஆசை தண்ணீரைக் கலக்கிவிடுமாம்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் இயற்பியலும் வேதியியலும் அப்போதுதான் கரைத்துக் குடித்திருந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அதற்குத்தான் அனுமதி இல்லை.

*

"ஏட்டி, அந்தக் கண்ணாடிய ஏத்து. தோவாளை வந்தாச்சு" என்றாள் நேசபாய்.

"அம்மா, இந்தக் காருல ஏசி ஓடாது. அவிஞ்சு சாவணுமா?" என்றாள் பின்சீட்டில் இருந்த மகள் ஜினிஷா.

"நம்ம சபைக்காரங்க எவனாவது பாத்தா?"

"பாத்தா பூ வாங்க வந்தோம்னு செல்லும்."

"அதைத்தான் செல்லப்போறேன். நீ கண்ணாடிய ஏத்து."

காரை ஓட்டியவர் ஜினிஷாவின் அப்பா ஜான்ரோஸ். குழித்துறைக்காரர். துபாயில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக். அந்தச் சம்பாத்தியத்தில் மிஞ்சியது ஒரு வீடும் அதன் பின்னால் விளை என்று சொல்கிற ஒரு ரப்பர் தோட்டமும். குடும்பம் ஓடுவது அந்த ரப்பர் பாலில்தான்.

ஜினிஷாவுக்கு தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் சீட் போச்சு. இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அருளாழி மருத்துவக் கல்லூரி. தனியார். நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரு சீட் 'உங்களுக்காகவே' வைத்திருப்பதாகப் போன்மேல் போன். அதில் சேர ரப்பர் விளையை விற்கவேண்டும். விளையை வாங்கப் புரோக்கர் தயார். மதியத்துக்குள் ஜான்ரோஸ் 'சரி' சொன்னால் முன்பணத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

"அப்பா, நான் அருளாழிக்கு நேர்ல போய்ப் பாத்தேன்லா" என்றாள் ஜினிஷா. "வார்டுல கட்டில் மேல விரிச்ச துணி கசங்கவே இல்ல. நோயாளியே இல்ல. நான் யாரத் தொட்டுப் படிக்க?"

"நோயாளி இல்லேன்னா நல்லதுதானே மக்ளே" என்றாள் நேசபாய். "சுத்தமா இருக்கும்லா?"

ஜினிஷா தலையில் கைவைத்துக்கொண்டாள். "தர்மபுரியில ரெண்டாம் வருசம் படிக்கிற ஒரு அக்காட்ட பேசினேன். ஓ.பி.யில நிக்க எடமில்லையாம். வந்த முதல் வருசமே அத்தன கேஸ் பாக்கலாமாம்."

"தூரம் மக்கா" என்று முதல் தடவையாக வாயைத் திறந்தார் ஜான்ரோஸ். "பிள்ளைய அவ்வளவு தூரத்துக்கு விட்டுட்டு ஒனக்க அம்மைக்கு உறக்கம் வருமா?"

"நீங்க துபாய்ல கெடந்தியளே, அப்பம் அம்மைக்கு உறக்கம் வந்துதா?"

ஜான்ரோஸ் கியரை மாற்றினார்.

"அதெல்லாம் பூ செல்லும்" என்று பேச்சை முடித்தாள் நேசபாய்.

ஜான்ரோஸ் ஆள் முட்டாள் இல்லை. துபாயில் ஒரு ஏசி ஓடவில்லை என்றால் பூப்போட்டுப் பார்த்தவரா? கழற்றிப் பார்ப்பார், காயிலில் எங்கே ஓட்டை, கேஸ் எங்கே கசிவு என்று. மகளுடைய வாழ்க்கை ஓடவேண்டும் என்று வந்தபோது மட்டும் ஸ்குரூ டிரைவரை வீட்டில் வைத்துவிட்டுப் பூச்சந்தைக்கு வந்துவிட்டார்.

*

கொட்டகை வரிசையில் நின்ற உடனே முன்னால் நின்றவர் திரும்பினார். மாஸ்க், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஆனால் அந்தத் தொந்தியை மறைக்க மாஸ்க் கிடையாது. சபைச் செயலாளர் ஞானம்! மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி வாலிபர் கூட்டத்தில் போன மாதம்தான் ஒரு மணி நேரம் பேசியவர்.

"ஓய் ஜான்ரோஸ்... இஞ்ச எங்க?"

"பூ வாங்க வந்தேன். நீங்க?"

"நானும் பூதான். ஞாயித்துக்கெழம ஆல்டர்ல வைக்க."

"ஆல்டர் பூவுக்கு வரிசையில நிக்கணுமா?"

"நல்ல பூவுக்கு வரிசை உண்டும்."

இரண்டு பேரும் சட்டைப்பையில் இருந்த சீட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்கள். அப்புறம் கொட்டகைக்குள் போகிறவரை ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று யோசிக்கிற மாதிரி.

வரிசை முழுக்க இதே கதைதான். கோயிலுக்குத் தெரியாமல் கோயிலாரும், சபைக்குத் தெரியாமல் சபையாரும் வந்து நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. 'உங்களுக்கு எந்தக் கல்லூரி பொங்கிச்சு?' என்று வெளியே வந்தவரைக் கேட்டால் கேட்டவனின் குட்டும் வெளிப்பட்டுவிடுமே! மலர்மொழியாரின் முதலீடு உருளியும் பூவும் என்று நினைத்தால் தவறு. இந்த வெட்கம்தான் முதலீடு.

வாசலில் நின்ற மீசைக்காரர் ஜினிஷாவைத் தடுத்தார். "நீட் எழுதின பிள்ளையா? பொறத்த நில்லும்மா."

ஜினிஷா கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கேதான் அவள் ஒரு மாட்டைச் சந்தித்தாள்.

உருளித் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் ஜின்சி பின்வாசல் ஓடையில் கொட்டுவாள். கொட்டிய இடத்தில் புல் கருகிக் கிடந்தது. பக்கத்தில் நட்ட செம்பருத்தி குச்சியாக நின்றது. குச்சி நட்டாலே பூக்கிற தோவாளை மண்ணில் செடி கருகுமா? ஓடை ஓரத்து மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. யாருடைய மாடோ, கயிறு அறுத்து வந்தது, அந்த வெள்ளை மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி, நிமிர்ந்து, மறுபடி நக்கி. விரட்டினாலும் போகவில்லை.

ஜினிஷா மாட்டைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். குனிந்து விரல்நுனியில் அந்த வெள்ளையைத் தொட்டாள். அதிலுள்ள கிருமிகளின் பெயர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து வரிசையாக நினைவுக்கு வந்தன. இருந்தாலும் நாக்கில் வைத்தாள்.

உப்பு.

பழைய பொட்டலங்கள் ஓடையோரம் குவிந்து கிடந்தன. சில கூழாங்கல்லோடு கனமாக இருந்தன. அவை அடியிலேயே கிடந்தவை. சிலவற்றில் வெறும் பூ மட்டும். அவை பொங்கியவை. வெறும் பூ மட்டும் இருந்தால், அது முதலில் மூழ்கியது எப்படி?

அவள் சிரித்துவிட்டாள். மாடு திரும்பிப் பார்த்தது. மலர்மொழி மண்டபத்தின் உண்மையைச் சுவைத்து அறிந்த முதல் ஜீவன் அதுதான். கிளாசுக்கு இரண்டாவதாக வந்த மாணவியை அது அலட்சியமாகப் பார்த்ததில் தப்பில்லை.

ஜினிஷா சந்து முனைப் பெட்டிக்கடைக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, கல்லுப்பு ஒரு பாக்கெட். பெரிய கல்லாப் பாத்து. கொஞ்சம் வெந்நி ஒரு வாளியில ஊத்தித் தாங்க."

"வயித்து வலியா மக்ளே?"

"எங்க அப்பாவுக்கு."

பூக்காரரிடம் தாமரை இலையும் வாடாமல்லியும் வாங்கினாள். வாளியில் ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். மூழ்கியது. காத்திருந்தாள். எழும்பியது. இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை நடந்தது இரண்டாம் தடவையும் நடக்கிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா? உள்ளே இருந்த அத்தனை பெரியவர்களுக்கும் தோன்றாத அந்தச் சின்னச் சந்தேகம் அவளுக்குத் தோன்றியது.

*

வாசலில் மறுபடியும் மீசைக்காரர்.

"நீட் எழுதின பிள்ளைக்கு உள்ள அனுமதி இல்ல."

"நான் நீட் எழுதல்ல. பி.காம்." துப்பட்டாவை முக்காடாகப் போட்டிருந்தாள்.

"பி.காமா? அப்பம் போ. நீ போனா ஒண்ணும் ஆவாது."

உள்ளே மலர்மொழியார் 'ம்ம்ம்' இழுத்துக்கொண்டிருந்தார். ஜான்ரோசும் நேசபாயும் உருளிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்கள். பின்வரிசையில், தம் முறை முடிந்தும் போகாத ஞானம், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு பொட்டலம் அசைந்தது. ஆடியது. எழும்பியது.

"பொங்கிட்டு!"

ஜின்சி பொட்டலத்தைப் பிரித்துச் சீட்டை உயர்த்திப் படித்தாள். "அருளாழி மருத்துவக் கல்லூரி!"

நேசபாய் குலுங்கி அழுதாள். "எனக்க பிள்ள எனக்க கண்ணு முன்னாலதான் படிக்கும்! தேவியே செல்லியாச்சு!"

ஜான்ரோஸ் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். புரோக்கரின் எண். பன்னிரண்டு வருடத் துபாய் வெயிலும், இத்தனை வருட ரப்பர் பாலும் அந்த ஒரு பச்சைப் பொத்தானின் மேல் வந்து நின்றன.

"அப்பா, அந்தப் போனை வையுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். ஜினிஷா நேரே நடந்து வந்தாள். யாரும் தடுப்பதற்குள் உருளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"ஐயோ!" என்றது கூட்டம். "பிள்ளைக்க ராங்க் போச்சு!"

"உப்பு" என்றாள் ஜினிஷா. "இந்த வெள்ளம் உப்பாட்டு இருக்கு. ஒரு பொதியில கூழாங்கல்லு. இன்னொண்ணுல கல்லுப்பு. ரெண்டும் தாழும். சூடு வெள்ளத்துல உப்பு கரையும். கரைஞ்சா பூ மேல வரும். இவ்வளவுதான் தேவி."

ஜின்சி திரைப் பக்கம் நகர்ந்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நீங்கள் மலர்மொழியாரை அறியமாட்டீர்கள்.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"உப்புதான். பிள்ள சொன்னது சத்தியம். அது தேவியோட கண்ணீர்! உங்க பிள்ளைகளுக்காக தேவி அழுதிருக்கா! இத்தன நாள் நான் மறைச்சு வச்சிருந்தேன். இன்னைக்கு தேவியே வெளிப்படுத்திட்டா. இப்ப, இந்த நிமிசம், தேவி இந்த உருளியில உட்கார்ந்திருக்கா!"

அவ்வளவுதான். கூட்டம் உருளியின் மேல் பாய்ந்தது. இதுவரைக்கும் தொட்டால் பாவமாக இருந்த தண்ணீர் இப்போது குடித்தால் புண்ணியம் ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிக்கொண்டு முன்னால் முண்டியவர்களில் முதல் ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சாளர் ஞானம்தான்.

ஜினிஷா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் கையில் இன்னொன்று தயாராக இருந்தது.

"அண்ணாச்சி, தேவி இப்பம் உள்ள இருக்குன்னு செல்லுதிய. நல்லது. எனக்கும் ஒரு கேள்வி உண்டும்." துப்பட்டாவுக்குள்ளிருந்து இரண்டு பொட்டலத்தை வெளியே எடுத்தாள். "ரெண்டு சீட்டு. ரெண்டும் அண்ணாச்சியப் பத்தித்தான். ஒண்ணுல 'மலர்மொழியார் ஒரு மகான்'னு எழுதியிருக்கேன்."

"வெளியே கட்டின பொட்டலம் கூடாது" என்றார் மலர்மொழியார் அவசரமாக.

"அதெப்படி?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். நெடுஞ்சாண்கிடையாக விழுந்த அதே தலைமை ஆசிரியர், தம் பேத்திக்காக இரண்டாம் தடவை வந்திருந்தார். "தேவி உள்ளே இருக்கும்போது யார் கட்டினால் என்ன?"

"போடட்டும்! போடட்டும்!" என்றார்கள் எல்லோரும். மகான் என்று தேவியே சொல்லிக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பொட்டலங்கள் விழுந்தன. இரண்டும் மூழ்கின. மலர்மொழியார் பாடவில்லை. ஆகவே ஜினிஷா பாடினாள்.

"பாய்மம் ஒன்றில் மூழ்கும் பொருள் மீது... அப்பொருளால் இடம்பெயர்க்கப்பட்ட பாய்மத்தின் எடைக்குச் சமமாய்... மேல்நோக்கு விசை செயல்படும்..."

"ஆமென்" என்றாள் ஓர் அம்மா.

"ஓம்" என்றாள் இன்னொருத்தி.

நேசபாய்க்கு மட்டும் இந்தப் பாட்டை எங்கோ கேட்ட ஞாபகம். போன வருடம் முழுக்க அடுத்த அறையிலிருந்து கேட்டதுதான். தலைமை ஆசிரியரின் முகத்தில்தான் மாற்றம் தெரிந்தது. முதலில் அவர் புருவம் சுருங்கியது. பிறகு காது சிவந்தது. முப்பது வருடம் அவரே நடத்திய பாடம்!

பொட்டலம் அசைந்தது. ஆடியது. எழும்பியது.

"பொங்கிட்டு!"

முன்னால் நின்ற ஞானத்திடம் கொடுத்து, "மாமா, நீங்களே படியுங்க" என்றாள் ஜினிஷா. வேறு வழியில்லாமல் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மாஸ்க்கையும் இறக்கினார். ஆல்டரிலிருந்து வேத பாடம் வாசிக்கிற அதே கம்பீரக் குரலில் படித்தார்.

"மலர்மொழியார்... ஒரு... கள்ளன்."

"பொய்!" என்று துள்ளி எழுந்தார் மலர்மொழியார். "பொய்! தண்ணி பொய் சொல்லுது!"

அந்தக் கொட்டகை திறந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு உண்மை அது.

*

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. கூட்டம் அவரை விட்டுவிட்டு ஜினிஷாவின் பக்கம் திரும்பியது.

"தேவி பிள்ளைக்க மேல எறங்கியாச்சு!" என்று ஒரு பெண் அவள் காலைத் தொட்டாள். "மக்ளே, எனக்க மகனுக்கு மதுரையா கோயம்புத்தூரா, செல்லு மக்ளே!"

ஜினிஷா சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். அந்த நொடியில் அவள் சரி என்று தலையாட்டியிருந்தால் கொட்டகைக்குப் புது உரிமையாளர் வந்திருப்பார். அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் கல்லுப்பு.

"தேவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெட்டிக்கடை உப்பு. எது பொங்கணும்னு பொதியக் கட்டும்போதே நான் தீர்மானிச்சாச்சு. அண்ணாச்சியும் அப்படித்தான். வீட்டுல சட்டியில போட்டுப் பாருங்க. உங்களுக்கும் பொங்கும். மாமா, ஒண்ணு கேக்கட்டா? உங்க பிள்ளைக்கு எது பொங்கிச்சு?"

ஞானம் இருமினார். "நான் பூ வாங்க..."

"மாமா!"

"அருளாழி" என்றார் ஞானம் தரையைப் பார்த்து.

"எங்களுக்கும் அருளாழி" என்றார் கருங்கல்காரர் ஒருவர்.

"நான் எழுதினது வேற ரெண்டு. மூணாவதா எழுதச் சொன்னாவ. அருளாழி!"

"அருளாழி."

"எங்க அக்கா மகளுக்கும்..."

ஒருவர் பின் ஒருவராக மாஸ்க் இறங்கியது. யாருக்காவது ஓர் அரசுக் கல்லூரி பொங்கியதா என்று கேட்டாள் ஜினிஷா. ஒரு கை உயரவில்லை. தேவி அருளாழியின் ஏஜெண்ட் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. இத்தனை நாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள்! தோளைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே கொட்டகையைப் பிரித்திருக்கலாம். கேட்கவில்லை. எல்லோரும் பூ வாங்கத்தானே வந்தார்கள்!

மகேஷ்குமார் பின்வாசல் வழியாக இறங்கி ஓடினார். ஓடை வழுக்கி விழுந்தார். உப்புத் தண்ணீரில் ஊறிய வேட்டியை மாடு விடுவதாக இல்லை. அவர் ஓட, மாடு நக்கிக்கொண்டே பின்தொடர, பூச்சந்தையே நின்று பார்த்தது. ஜின்சி மட்டும் கொட்டகையில் அகப்பட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அவள். "நான் பூக்கட்ட வந்தேன்."

"போலீசுல புகார் குடுக்கணும்" என்றார் ஜான்ரோஸ். "யாரெல்லாம் வருதிய?"

கூட்டம் கரைந்தது. உருளியில் போட்ட உப்புகூட அவ்வளவு சீக்கிரம் கரைந்திருக்காது. புகார் கொடுத்தால் பெயர் எழுதவேண்டும். பெயர் எழுதினால் ஊருக்குத் தெரியும். ஞானம் வழியில் நிஜமாகவே இரண்டு முழம் பிச்சி வாங்கிக்கொண்டு போனார். கேட்டால் காட்டவேண்டுமே.

ஜான்ரோஸ் மட்டும் போனார், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு. ஸ்டேஷனில் கேட்டார்கள், "நீங்க எதுக்கு அந்தக் கொட்டகைக்குப் போனிய?"

நேசபாய் வாயைத் திறந்தாள். "பூ வாங்..."

"பூப்போட்டுப் பாக்கப் போனேன் சார்" என்றார் ஜான்ரோஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்க பிள்ளைக்கு எது நல்லதுன்னு பிள்ளைட்ட கேக்காம, பூவுட்ட கேக்கப் போனேன். எழுதிக்கிடுங்க."

வெளியே வந்ததும் புரோக்கருக்குப் போன் போட்டார். "வெளைய விக்கல்ல ஓய்." அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் மகளைப் பார்த்தார். "சாயந்திரம் நாகர்கோவில்ல இருந்து ரயில் உண்டும்லா? துணிமணி எடுக்க நேரம் இருக்குமா மக்கா?"

"ஏட்டி" என்றாள் நேசபாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தர்மபுரியில நல்ல மீன் கெடைக்குமா?"

"நோயாளி கெடைக்கும்மா. அது போதும்."

ஜினிஷா தர்மபுரியில் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே ஒரு போன் வந்தது. ஞானம். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மக்ளே, எனக்க பையனுக்கு அடுத்த ரவுண்டு கவுன்சலிங் வருது. எந்தக் காலேஜ் நல்லது? நீ செல்லு, நான் கண்ண மூடிட்டு எழுதுதேன்."

"கண்ணைத் தொறந்துட்டு எழுதுங்க மாமா. அங்க ஒரு நாள் போய் நில்லுங்க. ஓ.பி.யில எத்தன பேரு நிக்கிறாங்கன்னு பாருங்க. படிக்கிற பிள்ளையள கேண்டீன்ல பிடிச்சுக் கேளுங்க. அப்புறம் உங்க பையன்ட்டயும் ஒரு வார்த்த கேளுங்க."

"அவன்ட்டயா?" என்றார் ஞானம், உண்மையிலேயே அதிர்ச்சியாக.

தோவாளைக் கொட்டகை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஜாமீனில் வந்த மகேஷ்குமார் வேறொரு மாவட்டத்தில் இலையோ காயோ வைத்து ஏதோ ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கார்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்கின்றனவாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு கல்லூரி கிடைத்து, நீங்களும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் தடுக்கமாட்டேன். தாராளமாகப் போங்கள். ஒரு மாட்டை மட்டும் கூடவே ஓட்டிக்கொண்டு போங்கள். மாடு கிடைக்காதவர்கள் சொந்த மூளையைக் கொண்டுபோகலாம்.